டப்ளினில் உதைத்த அந்தப் பந்து

2022 ஆகஸ்ட் 27, டப்ளின் நகரின் அவீவா ஸ்டேடியம். நெப்ராஸ்கா பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணி நார்த்வெஸ்டர்னை 28-17 என்று முந்திவிட்டது. இடைவேளையில் 14-17 என்று பின்தங்கியிருந்த அணி, மூன்றாம் குவார்ட்டரில் அடுத்தடுத்து இரண்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது) போட்டிருந்தது. இரண்டாவது, ஆந்தனி கிராண்ட் 46 யார்டு ஓடிப் போட்டது. இனி வழக்கம்போலப் பந்தை மைதானத்தின் அந்தக் கோடிக்கு உதைத்துவிட்டு, முடிந்தால் 75 யார்டு கடந்து வாருங்கள் என்று டிஃபென்ஸை நிறுத்தினால் போதும். அப்போதுதான் தலைமைப் பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட் ஆன்சைட் கிக் அடிக்கச் சொன்னார். அந்த ஒரு முடிவு இன்றுவரை என் மனதில் செரிக்கவில்லை. ஆட்டம் தோற்றதைவிட அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னை அரிக்கிறது.

அமெரிக்க ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. டச்டவுன் போட்ட அணி, அடுத்து பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் உதைத்த பந்து பத்து யார்டு தாண்டிவிட்டால், அதை உதைத்த அணியே பாய்ந்து எடுத்துக்கொள்ளலாம். இப்படி வேண்டுமென்றே குட்டையாக உதைப்பதுதான் ஆன்சைட் கிக். தோற்றுக்கொண்டிருக்கிற அணி, நேரமும் இல்லை, வேறு வழியும் இல்லை என்ற நிலையில் செய்வது. கிடைக்காவிட்டால் எதிரணிக்கு மைதானத்தில் ஏறத்தாழ பாதி தூரம் சும்மா கிடைத்துவிடும். நார்த்வெஸ்டர்ன் அந்தப் பந்தை எடுத்தது. கொஞ்ச நேரத்தில் டச்டவுன் போட்டது. அப்புறம் இன்னொன்றும் போட்டது. நெப்ராஸ்கா அதன்பிறகு ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 31-28. அந்த வருஷம் முழுக்க நார்த்வெஸ்டர்ன் வேறு ஒரு ஆட்டத்திலும் வெல்லவில்லை. 1-11 (ஒரு வெற்றி, பதினொரு தோல்வி) என்று முடித்தார்கள். அவர்களுடைய அந்த ஒரே வெற்றி நாங்கள் கொடுத்தது.

நாங்கள் என்று எழுதுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் லிங்கனில் முதுகலை படித்தேன், இப்போது ஒரு மணி நேரத் தொலைவில் ஒமாஹாவில் வேலை. நெப்ராஸ்காவில் மொத்தமே ஏறத்தாழ இருபது லட்சம் மக்கள். பெரிய தொழில்முறை அணி எந்த விளையாட்டிலும் கிடையாது. கல்லூரி ஃபுட்பால்தான் எல்லாம். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் மெமோரியல் ஸ்டேடியத்தில் கூடும் கூட்டம், மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரத்துக்குச் சமம் என்பார்கள். 1962 நவம்பரிலிருந்து ஓர் ஆட்டத்துக்கும் டிக்கெட் மிஞ்சியதில்லை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் படிக்க வந்த காலத்தில் எனக்கு இந்த ஆட்டத்தின் தலையும் தெரியாது, காலும் தெரியாது. எங்களுக்குச் சீனியர் ஒருவர் இருந்தார். தமிழ் மாணவர்கள் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். சிவப்புச் சட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, "வா தம்பி, இந்த ஊரைப் புரிஞ்சுக்கணும்னா இதைப் பாக்கணும்" என்று கூட்டிக்கொண்டு போனார். ஆட்டம் முடிந்து வெளியேறும் எதிரணியை எழுந்து நின்று கைதட்டி அனுப்பும் ஒரு கூட்டத்தை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அதிலிருந்து நான் விடுபடவே இல்லை.

ஊர்ப்பிள்ளை

ஃப்ராஸ்ட் வந்தபோது நாங்கள் கொண்டாடியதைச் சொல்லாமல் இந்தக் கோபத்தைச் சொல்ல முடியாது. அவர் லிங்கனில் பிறந்தவர். வுட் ரிவர் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். ஸ்டான்ஃபோர்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, 1997-ல் நெப்ராஸ்காவின் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஆயிரம் யார்டுக்கு மேல் ஓடியும், ஆயிரம் யார்டுக்கு மேல் எறிந்தும், பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்னுக்கு அவருடைய கடைசி தேசியப் பட்டத்தை வென்று கொடுத்தவர். அந்த வருஷம் மிசௌரியில், அவர் எறிந்த பந்து ஒரு வீரரின் காலில் பட்டு எகிறி இன்னொருவர் கையில் விழுந்த டச்டவுனை இங்கே பிறந்த குழந்தைகளுக்கும் தெரியும். பயிற்சியாளராக 2017-ல் சென்ட்ரல் ஃப்ளோரிடா அணியை 13-0 என்று முடித்தார். அவரை அழைத்துவர ஏழு வருஷத்துக்கு 3.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அதற்கு முந்தைய காலத்தை நான் கண்ணால் பார்த்தவன். போ பெலினி பயிற்சியாளராக ஒவ்வொரு வருஷமும் குறைந்தது ஒன்பது ஆட்டம் வென்றார். போதாது என்று 2014 முடிவில் அனுப்பினார்கள். அதற்கும் முன்னால், 2003-ல் ஃப்ராங்க் சோலிச்சையும் ஒன்பது வெற்றியோடுதான் அனுப்பினார்கள். மைக் ரைலி காலத்தில் 2017-ல் அணி 4-8 என்று விழுந்தது. ஆகவே ஊர்ப்பிள்ளை, பழைய சாம்பியன், புதுவித வேகமான ஆட்டம் என்று எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தபோது, இவர்தான் என்று ஊரே தீர்மானித்துவிட்டது. நானும்தான்.

2018-ல் முதல் ஆறு ஆட்டமும் தோல்வி. அதில் ஆறாவது, இதே நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக, மூன்று நிமிஷம்கூட இல்லாதபோது பத்துப் புள்ளி முன்னிலையில் இருந்து கூடுதல் நேரத்தில் தோற்றது. 2019-ல் கொலராடோவுக்கு எதிராக 17-0 என்று முந்தியிருந்து 34-31 தோல்வி. புது கோச், புது ஆட்கள், பொறுத்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொன்னோம். 4-8, 5-7, கோவிட் வருஷத்தில் 3-5. அப்புறம் வந்தது 2021.

ஒன்பது தோல்விகள்

2021-ல் நெப்ராஸ்கா 3-9. அந்த ஒன்பது தோல்வியில் ஒன்றுகூட இரட்டை இலக்கப் புள்ளி வித்தியாசத்தில் இல்லை. மிகப் பெரிய தோல்வி ஒஹையோ ஸ்டேட்டிடம், 26-17. ஒன்பது வித்தியாசம். மற்ற எட்டும் ஒரே ஒரு அடியில் சமன் செய்யக்கூடிய தோல்விகள். வருஷம் முழுக்க எடுத்த புள்ளியையும் கொடுத்த புள்ளியையும் கூட்டிக் கழித்தால் நெப்ராஸ்கா 63 புள்ளி அதிகம் எடுத்திருக்கிறது! ஒன்பது முறை தோற்ற ஓர் அணி எடுத்தது கொடுத்ததைவிட அதிகம் என்பதை அந்தக் குளிர்காலத்தில் நான் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன்.

இந்த ஆட்டத்தில் மூன்று பிரிவு உண்டு. பந்தைக் கொண்டுபோகிறவர்கள் (அஃபென்ஸ்), தடுக்கிறவர்கள் (டிஃபென்ஸ்), உதைக்கிற வேளைகளில் இறங்குகிற ஸ்பெஷல் டீம்ஸ். முதல் இரண்டு பிரிவுகளும் 2021-ல் மோசமில்லை. டிஃபென்ஸ் நன்றாகவே ஆடியது. மூன்றாவது பிரிவில் என்ன நடந்தது என்று பாருங்கள். முதல் ஆட்டம் இல்லினாய். எதிரணி உதைத்த பந்தைத் தன் கோட்டருகே பிடித்த நம் வீரர், பின்னால் எண்ட் ஸோனுக்குள் போய் அதைத் தூக்கி எறியப் பார்த்து, இரண்டு புள்ளியை அவர்களுக்குக் கொடுத்தார். ஒக்லஹோமாவில், டச்டவுனுக்குப் பிறகான ஒற்றைப் புள்ளி உதையை அவர்கள் தடுத்து, அந்தப் பந்தையே இந்தக் கோடிவரை எடுத்து ஓடி இரண்டு புள்ளி எடுத்தார்கள். ஏழு புள்ளியில் தோற்றோம். விஸ்கான்சினில் ஆட்டத்தின் முதல் கிக்ஆஃபையே 91 யார்டு திருப்பி ஓடி டச்டவுன் போட்டார்கள். அதுவும் ஏழு புள்ளித் தோல்வி. கடைசி ஆட்டம் அயோவா. 21-9 என்று முந்தியிருந்தபோது நம் பண்ட் (பந்தைத் தொலைவாக உதைத்து எதிரணிக்குக் கொடுப்பது) ஒன்றைத் தடுத்து எடுத்து டச்டவுன் ஆக்கினார்கள். 28-21. மறுபடி ஏழு.

இவற்றுக்கெல்லாம் நடுவில் மிச்சிகன் ஸ்டேட் ஆட்டம். செப்டம்பர் 25. அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் மிச்சிகன் ஸ்டேட் ஒரு முதல் டவுன்கூட (நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேறுவது) எடுக்கவில்லை. மொத்தம் 14 யார்டு. நம் டிஃபென்ஸ் அவர்களை அசையவிடவில்லை. 20-13 என்று முன்னிலை, நான்கு நிமிஷத்துக்கும் குறைவாக நேரம். நான்காவது முயற்சியில் பந்தைத் தொலைவாக உதைத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். திட்டம் வலப்பக்கம். ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டிய பத்துப் பேரும் வலப்பக்கம் ஓடினார்கள். பந்து இடப்பக்கம் போனது. அங்கே ஆளே இல்லை. ஜேடன் ரீட் 62 யார்டு ஓடி டச்டவுன் போட்டார், யாரும் அவரைத் தொடக்கூட இல்லை. கூடுதல் நேரத்தில் 23-20. உதைத்த பையனின் பெயரை நான் எழுத மாட்டேன். அவன் ஒரு மாணவன். ஒரு மாணவன் ஒருமுறை தவறான பக்கம் உதைத்தால் அது அவன் பிழை. ஆகஸ்டில் ஆரம்பித்து நவம்பர்வரை ஒரே பிரிவு அணியைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தால் அந்தப் பிரிவுக்கு யார் நேரம் ஒதுக்கினார்கள் என்று கேட்க வேண்டும்.

கேட்டால் கிடைக்கும் பதில்தான் எனக்குக் கோபம் மூட்டுகிறது. அந்தக் காலத்து விதிப்படி தலைமைப் பயிற்சியாளர் பத்துத் துணைப் பயிற்சியாளர்களை வைத்துக்கொள்ளலாம். யாருக்கு எந்த வேலை என்பது அவர் விருப்பம். ஸ்பெஷல் டீம்ஸை மட்டும் பார்க்க ஒருவரை ஒதுக்க ஃப்ராஸ்ட்டுக்கு மனம் வரவில்லை. 2020-ல் அந்தப் பொறுப்பு, களத்தில் இறங்கிச் சொல்லிக்கொடுக்க விதி அனுமதிக்காத ஓர் ஆய்வாளரிடம் இருந்தது. 2021-ல் வெளிப்புற லைன்பேக்கர்கள் என்ற டிஃபென்ஸ் வீரர்களுக்குப் பயிற்சி தந்தவரிடம் கூடுதல் வேலையாகப் போனது. பக்கத்து மாநிலமான அயோவாவைப் பாருங்கள். கர்க் ஃபெரென்ட்ஸ் அங்கே 1999-லிருந்து இருக்கிறார். அவர்களுடைய அஃபென்ஸைப் பார்த்தால் கொட்டாவி வரும். ஆனால் ஸ்பெஷல் டீம்ஸுக்கு லெவர் வுட்ஸ் என்று ஒருவர் முழுநேரமாக இருந்தார். பண்ட் ஒவ்வொன்றையும் எதிரணியின் கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்கலாம் என்று அந்த அணி கவலைப்பட்டது. 2015 முதல் 2021 வரை ஏழு வருஷம் தொடர்ந்து அவர்கள் நம்மை வென்றார்கள். நம்மிடம் வேகமான ஆட்கள் இருந்தார்கள், அவர்களிடம் இருபது இருபது யார்டாகச் சேர்த்துவைக்கும் பொறுமை இருந்தது. வீட்டுச் செலவில் சில்லறையை எண்ணி வைப்பவர் மாதக் கடைசியில் கடன் கேட்காமல் இருப்பது போலத்தான் அது.

நாணயக் கணக்கு

அண்ணன் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். அவர் புள்ளியியல் படித்தவர், அந்தத் துறையிலேயே வேலை பார்ப்பவர். 2021 அயோவா ஆட்டம் முடிந்த இரவு தொலைபேசியில் அவர் சொன்னது இது: "தம்பி, ஒரு டச்டவுனுக்குள்ள முடியுற ஆட்டம் எல்லாம் நாணயம் சுண்டுற மாதிரிதான். இந்த வருஷம் நமக்கு எதிரா விழுந்துச்சு. அடுத்த வருஷம் அதே டீம் எட்டு ஜெயிக்கும் பாரு." அவர் மட்டும் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலத்தில் கல்லூரி ஃபுட்பாலை எண்களால் பார்க்கும் பலரும் அதைத்தான் எழுதினார்கள். நெருங்கிய தோல்விகள் தானாகச் சமனாகும், 2022-ல் நெப்ராஸ்கா எழும் என்று.

ஃப்ராஸ்ட்டின் முழுக் காலத்தையும் எடுத்தால், எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களில் அவருடைய கணக்கு 5 வெற்றி, 22 தோல்வி. சரி, நாணயம்தான் என்றே வைத்துக்கொள்வோம் என்று நானும் கணக்குப் போட்டேன். 27 முறை சுண்டினால் ஐந்தோ அதற்குக் குறைவாகவோ தலை விழுவதற்கு வாய்ப்பு ஏறத்தாழ 1,300-ல் ஒன்று. அண்ணனிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. "மேல்மட்டப் பிரிவுல மட்டும் 130 டீம் இருக்கே தம்பி. 130 பேர் சுண்டுனா எவனுக்காவது இப்படி விழத்தான் செய்யும். அது நாமளா இருக்கோம்." கணக்காகப் பார்த்தால் அவர் சொல்வதில் பிழை இல்லை. பத்தில் ஒரு வாய்ப்பு அப்படி யாருக்காவது நேரும்.

ஆனால் நாணயம் எப்படி விழுந்தது என்பதற்கு அடையாளம் கிடையாது, ஆட்டத்துக்கு உண்டு. "அண்ணா, இருபத்திரண்டு தோல்வியும் இருபத்திரண்டு வழியில வந்திருந்தா நீங்க சொல்றதைக் கேட்டிருப்பேன். ஒரே கதவு வழியாத்தானே திருடன் வந்துக்கிட்டே இருக்கான்?" என்றேன். தடுக்கப்பட்ட உதை, தப்பிய உதை, தவறான பக்கம் போன உதை, ஆட்டத்தின் கடைசி நிமிஷங்களில் கைநழுவிய பந்து. முந்திக்கொண்டிருக்கும்போது எப்படி ஆட்டத்தை மூடுவது என்று இந்த அணிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எண்களை நம்புகிறவர்கள் பார்க்கத் தவறியது அதைத்தான். நெருங்கிய ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடம் உண்டு, மறுக்கவில்லை. அந்த இடத்தைக் குறைப்பதற்குத்தானே பயிற்சி?

2021 நவம்பரில் ஃப்ராஸ்ட்டின் சம்பளத்தை 50 லட்சத்திலிருந்து 40 லட்சம் டாலராகக் குறைத்து இன்னொரு வருஷம் கொடுத்தார்கள். அவர் அஃபென்ஸ் பக்கத் துணைப் பயிற்சியாளர்கள் நால்வரை ஒரே நாளில் நீக்கினார். மார்க் விப்பிளைக் கூட்டிவந்து ஆட்டத்தை வகுக்கும் பொறுப்பைக் கொடுத்தார். கடைசியில் ஸ்பெஷல் டீம்ஸுக்கென்றே பில் புஷ்ஷை முழுநேரமாக நியமித்தார். அந்த ஒரு செய்தியைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சி. நான்கு வருஷம் கழித்தாவது நோய் எங்கே என்று கண்டுகொண்டார் என்று நினைத்தேன். அடுத்த ஆட்டம்தான் டப்ளின்.

ஆஸ்போர்ன் எடுத்த முடிவு

டப்ளின் உதையை ஆதரித்துப் பேசுகிறவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள், அண்ணனும் அதில் ஒருவர். அவர்கள் எல்லாரும் கடைசியில் 1984-க்குத்தான் வருவார்கள். அந்த வருஷம் ஜனவரி 2, மயாமி நகரில் ஆரஞ்சு பவுல் என்ற பருவ முடிவு ஆட்டம். தோல்வியே இல்லாத நெப்ராஸ்கா, மயாமியை அதன் சொந்த மைதானத்திலேயே எதிர்கொண்டது. 48 வினாடி மிச்சம் இருக்கையில் டச்டவுன் போட்டு 30-31 என்று நெருங்கினார்கள். ஒற்றைப் புள்ளிக்கு உதைத்தால் சமன். அப்போது கல்லூரி ஆட்டத்தில் கூடுதல் நேரம் கிடையாது. சமன் செய்தாலே தேசியப் பட்டம் அநேகமாகக் கையில். டாம் ஆஸ்போர்ன் உதைக்காமல், பந்தை மறுபடி கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் இரண்டு புள்ளி எடுக்கப் போனார். குவார்ட்டர்பேக் டர்னர் கில் எறிந்த பந்தை எதிரணி வீரர் விரலால் தட்டிவிட்டார். தோற்றார்கள். அந்தத் தோல்விக்காக இந்த மாநிலம் ஆஸ்போர்னை இன்றும் நேசிக்கிறது. "அன்னிக்கு அவரு துணிஞ்சதைக் கும்பிடுறோம், இன்னிக்கு இவரு துணிஞ்சதைத் திட்டுறோம். நியாயமா தம்பி?" என்பது அண்ணனின் கேள்வி.

இந்தக் கேள்வியோடுதான் நான் ரொம்ப நாள் மல்லுக்கட்டினேன். தந்திர ஆட்டம் கூடாது என்பவன் அல்ல நான். அதே ஆரஞ்சு பவுலில் ஆஸ்போர்ன், பந்தை வேண்டுமென்றே தரையில் விட்டுவிட்டு வேறொரு கனத்த வீரரை எடுத்து ஓடவைத்த ஓர் ஆட்டத்தையும் ஆடி டச்டவுன் எடுத்திருக்கிறார். துணிச்சல் இரண்டிலும் இருக்கிறது. ஆனால் ஆஸ்போர்ன் துணிந்த இடத்தைப் பாருங்கள். ஆட்டம் முடிகிறது. அணி பின்தங்கியிருக்கிறது. பட்டம் வேண்டுமென்றால் அதை வென்றே எடுப்போம், சமனுக்குள் ஒளிந்து எடுக்க வேண்டாம் என்பது முடிவு. அந்த வீரர்கள் வருஷம் முழுக்க ஒத்திகை பார்த்த, தங்களால் முடியும் என்று நிரூபித்த ஒன்றின்மேல் வைத்த பந்தயம் அது. டப்ளினில் முன்னிலை நம்முடையது. எதிரணி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆட்டத்தில் இன்னும் ஒன்றேகால் குவார்ட்டருக்கு மேல் மிச்சம். பந்து கிடைத்திருந்தாலும் நாம் 11 புள்ளி முன்னிலையில்தான் இருந்திருப்போம், பந்தும் கையில் என்பது மட்டும் கூடுதல். கிடைக்காவிட்டால் போவது, வீரர்கள் வியர்வை சிந்திக் கட்டிய சாதகம் முழுவதும். அதையும் எந்தப் பிரிவின்மேல் வைத்தார்? நான்கு வருஷமாக அணியைக் கவிழ்த்த, இப்போதுதான் ஒரு பயிற்சியாளரைப் பெற்ற, அதே பிரிவின்மேல்.

ஆட்டம் முடிந்ததும் ஃப்ராஸ்ட் அந்த உதை தன் முடிவுதான் என்று ஒப்புக்கொண்டார். உத்வேகம் முழுக்கத் தன் பக்கம் இருந்ததாகவும், அங்கேயே ஆட்டத்தை முடித்துவிடலாம் என்று நினைத்ததாகவும் சொன்னார். அதுவரை சரி. அதே பேட்டியில், நெப்ராஸ்கா ஆடும் லீகான பிக் டென்னில் இன்னும் கொஞ்சம் புதுமையாக யோசிக்க வேண்டும் என்று தன் அஃபென்ஸ் பயிற்சியாளர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். எட்டு மாதத்துக்கு முன் அவரே தேடிக் கொண்டுவந்த ஆட்களை! அன்று என் மனதில் ஏதோ ஒன்று அறுந்தது. ஏன் ஆன்சைட் கிக் என்ற கேள்விக்கு அந்தப் பேட்டியே பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு ஆட்டம் என்றால் அஃபென்ஸ்தான். பந்து தன் கையில் இருந்தால் ஜெயிப்போம், இல்லாவிட்டால் கையில் வாங்கிக்கொள்ள ஏதாவது செய்வோம். டிஃபென்ஸை நம்பி, பந்தைத் தொலைவாக உதைத்துவிட்டு, எதிரணியே தடுமாறட்டும் என்று காத்திருக்க அவரால் முடியவில்லை. சென்ட்ரல் ஃப்ளோரிடாவில் அவருடைய ஆட்கள் மற்றவர்களைவிட அவ்வளவு வேகம். அங்கே அந்த நம்பிக்கை வேலை செய்தது. பிக் டென் லீகில் நவம்பர்க் குளிரில், 20 புள்ளியில் ஆட்டம் முடிகிற இடத்தில், அது வேலை செய்யவில்லை. ஐந்து வருஷத்தில் ஒருமுறைகூட அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை என்பதுதான் என் புகார். விழுந்த இடத்திலேயே மீண்டும் விழுவதற்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

அப்புறம்

இரண்டு வாரம் கழித்து லிங்கனில் ஜார்ஜியா சதர்ன் வந்தது. அதுவரை சொந்த மைதானத்தில் 35 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்த 214 ஆட்டங்களிலும் நெப்ராஸ்கா வென்றிருந்தது. அன்று 42 எடுத்தது. ஜார்ஜியா சதர்ன் 642 யார்டு ஓடியும் எறிந்தும் 45 எடுத்தது. மறுநாள் ஃப்ராஸ்ட்டை நீக்கினார்கள். அக்டோபர் 1 வரை காத்திருந்தால் அவருக்குக் கொடுக்க வேண்டிய 1.5 கோடி டாலர் பாதியாகக் குறைந்திருக்கும். மூன்று வாரம்கூடக் காத்திருக்க முடியவில்லை. 16 வெற்றி, 31 தோல்வி. அந்தப் பருவத்தின் மிச்சத்தை மிக்கி ஜோசப் நடத்தினார். கடைசி ஆட்டத்தில் அயோவாவை 24-17 என்று அவர்கள் மண்ணிலேயே வென்றார்கள். ஏழு தொடர் தோல்விக்குப் பிறகு. அன்று ஒமாஹாவில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

மேட் ரூல் பயிற்சியாளராக வந்த முதல் வருஷம், 2023, கடைசி நான்கு ஆட்டமும் ஏழு புள்ளிக்குள் தோல்வி. அண்ணன் உடனே அழைத்தார். "பாத்தியா, கோச் மாறியும் அதேதான். நான் சொன்னது சரியா?" நான் விடவில்லை. அந்த வருஷம் நாம் தோற்றது பந்தைக் கண்டபடி பறிகொடுத்து. அது வேறு நோய். ரூல் அதை நோய் என்று பெயர் சொல்லியே பேசினார், குவார்ட்டர்பேக்கை மாற்றினார். 2024-ல் அணி 2016-க்குப் பிறகு முதன்முறையாக பவுல் ஆட்டத்துக்குப் போனது. நியூயார்க்கில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று வென்றது. நெருங்கிய ஆட்டம், நம் பக்கம் முடிந்தது. அந்த வருஷம் நவம்பரில் அயோவாவிடம் கடைசி நொடி உதையில் 13-10 தோற்றதும் உண்மைதான். அண்ணன் இரண்டாவதைப் பற்றி மட்டும்தான் பேசுவார்.

2025 தொடக்கத்தில் ரூல் ஸ்பெஷல் டீம்ஸுக்கு மைக் ஈக்லர் என்ற அனுபவசாலியைக் கொண்டுவந்தார். செய்தியை அண்ணனுக்கு அனுப்பினேன். "ஒரு உதை கோச்சுக்கு இவ்வளவு குதிக்கிறியே" என்று பதில் வந்தது. குதிக்கத்தான் செய்வேன். 2018-லேயே இப்படி ஒருவரை எடுத்து, வாரத்தில் ஒரு முழுநாள் பயிற்சியை அவரிடம் கொடுத்திருந்தால், மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தில் அந்தப் பத்துப் பேரும் பந்து போன பக்கம் ஓடியிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். அயோவா ஆட்டத்தில் அந்த பண்ட் தடுக்கப்பட்டிருக்காது. இவற்றோடு இன்னொரு ஆட்டமும் திரும்பியிருந்தால் 3-9 என்பது 6-6 ஆகியிருக்கும், ஃப்ராஸ்ட்டுக்கு அவர் கேட்ட நேரமும் கிடைத்திருக்கும். 1997-ல் எங்களுக்குப் பட்டம் வென்று கொடுத்தவர் அவர், இந்த ஊரிலேயே இருந்து இன்னும் இருபது வருஷம் பயிற்சியளித்திருக்க வேண்டியவர். அண்ணனோடு அடுத்த முறை பேசும்போது இதிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.